ஒரு வாயிலும் பல மனைகளும்: வலைப்பிரயோகத் தீச்சுவர் வழிகாட்டும் முறை

கல்லூரி வாயிலிலே நின்ற காவலாளரைப் பழைய மாணவர் எவரும் மறந்திரார். மணி அடித்தபின் வருவோரை நிறுத்துவதும், அயலாரை இன்னார் எனக் கேட்டறிவதுமே அவர் தொழில் என்று இளமையில் எண்ணியிருந்தோம். அஃது அவர் தொழிலில் அரைப்பங்கே. அதிபரைக் காண வந்தவரை அலுவலகத்துக்கும், பிள்ளையைப் பார்க்க வந்த தாயை விடுதிக்கும், நூற்கட்டுகளோடு வந்த வண்டிக்காரரை நூலகத்துக்கும் போக்கியவரும் அவரே. தடுத்தலும் வழிகாட்டலும் ஒருவரிடத்தே அமைந்திருந்தன. அதற்குக் காரணமும் உண்டு. வந்தவர் யார், வந்த கருமம் யாது என்று கேட்டறிந்தவர்க்கே இவ்விரண்டினையும் செய்ய இயலும்.

இணையத்திலும் இவ்விரட்டைத் தொழிலைச் செய்யும் காவல் ஒன்று உண்டு. வலைப்பிரயோகத் தீச்சுவர் என்பது அதன் பெயர். ஒரு நிறுவனத்தின் வலைத்தளங்களுக்கு வரும் வேண்டுகைகளை எல்லாம் தானே முதலில் ஏற்று, தீயவற்றைத் தள்ளி, நல்லவற்றை உரிய சேவையகத்துக்கு அனுப்புவது அது. அஃது எவ்வாறு வழிகாட்டுகின்றது, அதனை எவ்வளவிற்கு நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரையிற் சுருக்கமாக ஆராய்வாம். கணினித்துறையிற் புகவிருக்கும் மாணவர்க்கும், தத்தம் பணியிடங்களில் இத்தகைய ஏற்பாடுகளுக்கு ஒப்பமிடும் பொறுப்பிலுள்ள பழைய மாணவர்க்கும் இது பயன்படும் என்பது எம் எண்ணம்.

உறையும் உள்ளிருக்கும் கடிதமும்

சாதாரணத் தீச்சுவர் கடிதத்தின் உறையை மாத்திரம் பார்ப்பது. எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வந்தது, எந்த முகவரிக்குச் செல்வது, எந்தத் துறை இலக்கத்தை நாடியது என்பவற்றோடு அதன் விசாரணை பெரும்பாலும் முடிந்துவிடும். மறைகுறியிட்ட வலைப்போக்குவரத்து வழமையாக 443 என்னும் துறையினூடாகவே வருகின்றது. நூலொன்றைத் தேடும் மாணவனின் வேண்டுகையும், தரவுத்தளத்தைக் கொள்ளையிட முயல்வோனின் வேண்டுகையும் ஒரே வகை உறையில் ஒரே கதவுக்கு வந்து சேர்வன. உறையை மாத்திரம் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. வலைப்பிரயோகத் தீச்சுவரோ உறையைப் பிரித்துக் கடிதத்தை வாசிப்பது. இவ்வாசிப்பிலிருந்தே அதன் காவலும் பிறக்கின்றது; அதன் வழிகாட்டலும் பிறக்கின்றது.

அக்கடிதத்தில் எழுதப்பட்டிருப்பது யாது? எச்.ரி.ரி.பி. என்னும் நடப்பொழுங்கின்படி, முதல் வரியிலே செய்யவேண்டிய கருமமும் வேண்டப்படும் பக்கத்தின் பாதையும் இருக்கும். அதன்பின் தலைப்பு வரிகள் சில வரும். அவற்றுள் 'ஹோஸ்ற்' என்னும் வரி நமக்கு முக்கியமானது. எந்தத் தளத்தின் பெயரை நாடி இவ்வேண்டுகை வந்தது என்பதை அது கூறும்.

இந்த ஒரு வரிக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆய்வுநிலையத்திலே ரிம் பேர்னர்ஸ்-லீ 1989 இல் வலையின் திட்டத்தை முன்வைத்தார். அவர் அமைத்த தொடக்ககால நடப்பொழுங்கில் வேண்டுகை முழுவதும் ஒரே வரியில் அடங்கியது. அதிலே பக்கத்தின் பாதை இருந்ததேயன்றித் தளத்தின் பெயர் இருக்கவில்லை. வேண்டுகை வந்து சேர்ந்த முகவரியைக் கொண்டே தளம் இன்னதென அறியவேண்டியிருந்தது. ஆகவே தளம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐ.பி. முகவரி வேண்டியதாயிற்று. நான்காம் பதிப்பு ஐ.பி. முகவரிகளோ மொத்தம் 4,294,967,296 மாத்திரமே. 1997 சனவரியில் வெளியான எச்.ரி.ரி.பி. 1.1 என்னும் பதிப்பு 'ஹோஸ்ற்' வரியைக் கட்டாயமாக்கியது. அன்றுமுதல் ஒரே முகவரியில் எத்தனை தளங்களும் குடியிருக்க வழி பிறந்தது. முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்துபோன பின்னரும் வலை தடையின்றி வளர்ந்தமைக்கு இவ்வரியும் ஒரு காரணம் எனலாம்.

வழிகாட்டும் முறை

எடுத்துக்காட்டாக ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வாம். அதற்குப் பொதுத்தளம் ஒன்று, நூலகப் பட்டியல் ஒன்று, புதுமுக மாணவர் விண்ணப்பத்தளம் ஒன்று என மூன்று மனைகள் உள. ஒவ்வொன்றும் தனிச் சேவையகத்தில் இயங்குவது. ஆயினும் மூன்று தளப்பெயர்களுக்கும் ஆள்களப் பெயர் முறைமை காட்டும் முகவரி ஒன்றே. அது தீச்சுவரின் முகவரி. வெளியுலகம் அறிந்தது வாயிலை மாத்திரமே. மனைகள் உள்ளே மறைந்திருப்பன. மனைகளின் சார்பில் வாயிலில் நின்று வேண்டுகைகளை ஏற்கும் இந்நிலையை 'றிவேர்ஸ் புறொக்சி' என்பர்.

ஒரு வேண்டுகை வந்ததும் நிகழ்வன வருமாறு. முதலில், ரி.எல்.எஸ். என்னும் மறைகுறியிடல் முறைப்படி வந்தவரும் வாயிலும் இரகசியத் திறவுகோல் ஒன்றினை உடன்பட்டு அமைத்துக்கொள்வர். கடிதம் இன்னும் பிரிக்கப்படாத இந்நிலையில், எந்தத் தளத்தின் சான்றிதழைக் காட்டுவது என்னும் ஐயம் எழும். இதனைத் தீர்ப்பதற்காக, வருபவர் தாம் நாடும் தளப்பெயரைத் தொடக்கத்திலேயே கூறும் வசதி 2003 இல் வகுக்கப்பட்டது. அடுத்து, வாயில் மறைகுறியை நீக்கிக் கடிதத்தை வாசிக்கும். மூன்றாவதாக, விதிகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கும். நான்காவதாக, தளப்பெயரையும் பாதையையும் தன் அட்டவணையிற் பார்த்து உரிய மனையைத் தெரியும். ஐந்தாவதாக, வேண்டுகையை அம்மனைக்கு அனுப்பி, விடையைப் பெற்று, வேண்டியவரிடம் சேர்ப்பிக்கும். வாயிலுக்கும் மனைக்கும் இடைப்பட்ட வழியிலும் மறைகுறியிடல் வேண்டும் என்பது இக்காலத்து நன்னெறி.

ஒரு மனைக்குச் சேவையகங்கள் பல இருத்தலும் உண்டு. விண்ணப்ப முடிவுநாளிலே கூட்டம் பெருகும் எனக் கருதி இரண்டு சேவையகங்களை வைத்தோமாயின், வாயில் அவற்றுக்கு முறைமாறி அனுப்பலாம். வேலை குறைந்ததைப் பார்த்தும் அனுப்பலாம். குறித்த இடைவேளைகளில் இரண்டையும் நலம் விசாரித்து, விடை தராததை வரிசையிலிருந்து நீக்கிவைக்கும். ஒரு பிள்ளை விண்ணப்பத்தின் முதற்பக்கத்தை ஒரு சேவையகத்திலும் அடுத்த பக்கத்தை வேறொன்றிலும் எழுத நேர்ந்தால் முன்னெழுதியது காணாமற் போகவும் கூடும். அதனைத் தவிர்க்க 'குக்கி' என்னும் சிறு அடையாளச் சீட்டைக் கொடுத்து, அச்சீட்டோடு வருபவரை முன்சென்ற இடத்துக்கே மீண்டும் அனுப்புவதும் உண்டு.

இனி, வழிகாட்டலும் காவலும் ஒன்றற்கொன்று துணையாவது எங்கே என்பதைக் கவனிப்பாம். வேண்டுகை எந்த மனைக்கு உரியது என்று அறிந்த வாயில், அந்த மனைக்கேற்ற விதிகளை மாத்திரம் அதன்மேல் இடலாம். நூலகத் தேடலில் எவ்வகைச் சொல்லும் வரலாம். ஆனாற் கோப்பு எதுவும் வருதற்கில்லை. விண்ணப்பத்தளத்திலே பிறப்புச் சான்றிதழின் படம் வரவேண்டும். ஆனாற் பிறந்த ஆண்டு என்னும் கட்டத்தில் நான்கு இலக்கங்களுக்கு மேல் வருதற்கில்லை. எல்லா மனைக்கும் ஒரே சட்டம் இடுபவர் ஒன்றில் அளவுக்கு மிஞ்சி இறுக்குவார். மற்றொன்றில் அளவுக்கு மிஞ்சி நெகிழ்ப்பார்.

விதிகளும் அவற்றின் பிழைகளும்

தீயவை எவை? ஓர் உதாரணம் கூறுவாம். நூலகத் தேடற்கட்டத்திலே நூலின் பெயருக்குப் பதிலாக, எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தள மொழியில் அமைந்த கட்டளைத் துண்டு ஒன்றை ஒருவன் எழுதுகின்றான். வந்த சொல்லை அப்படியே தன் கட்டளையோடு ஒட்டிவிடும் அசட்டை நிகழ்ச்சிநிரலாயின், தரவுத்தளம் அவன் துண்டையும் கட்டளையாகவே கொண்டு, காட்டத் தகாதவற்றையும் காட்டிவிடும். தீச்சுவர் இத்தகைய துண்டுகளின் சாயலை அறிந்து தடுக்க முயல்கின்றது. 2002 இல் வெளியான மொட்செக்கியூரிற்றி என்னும் திறந்தமூல மென்பொருள் இத்துறையிற் பலர்க்கும் வழிகாட்டியது. அதனோடு சேர்த்து வழங்கும் ஒவாஸ்ப் அமைப்பின் அடிப்படை விதித்தொகுதியும் இலவசமாகக் கிடைப்பது.

அவ்விதித்தொகுதி தீர்ப்புக் கூறும் முறை கவனிக்கத்தக்கது. ஐயத்துக்கிடமான குறி ஒவ்வொன்றுக்கும் அதன் கடுமைக்கேற்பப் புள்ளி இடப்படும். மிகக் கடிய குறிக்கு 5 புள்ளி. சிறு குறிக்கு 2 புள்ளி. கூட்டுத்தொகை எல்லையைத் தொட்டால் வேண்டுகை தள்ளப்படும். நிறுவும்போது உள்ள எல்லை 5. இதனோடு நான்கு ஐயப் படிகளும் உள. முதற்படியிற் காவல் மிதமானது; நான்காம் படியில் மிகக் கடியது.

இங்கேதான் தமிழர்க்கு நேரே உறைக்கும் செய்தி ஒன்று உண்டு. 'கல்லூரி' என்னும் சொல்லை யூனிக்கோட் முறையில் எழுதினால் ஏழு குறியெண்கள் ஆகும். யூ.ரி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகள் கொள்வதால் மொத்தம் 21 பைற்றுகள். முகவரி வரியிலே நூற்றுவீதக் குறியோடு எழுதப்படும்போது அது 63 எழுத்துகளாக நீளும். நமக்கு இனிய இச்சொல், தமிழறியாத விதியொன்றின் கண்ணுக்கு ஐயத்துக்கிடமான குறிக்கூட்டமே. முன்கூறிய தொகுதியின் மூன்றாம் படியில், அச்சிடத்தக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளும் அல்லாத பைற்று எது வரினும் கடிய குற்றமாகக் கொள்ளும் விதி ஒன்று இருக்கின்றது. கடிய காவலே சிறந்த காவல் என்று எண்ணி எல்லா மனைக்கும் மூன்றாம் படியை இட்ட நிர்வாகி, தன் பெயரைத் தமிழில் எழுதிய பிள்ளையின் விண்ணப்பத்தைக் கள்வனின் கடிதமென்று தள்ளியவராவார். பிள்ளைக்குக் கிடைப்பது 403 என்னும் எண்ணோடு கூடிய ஒரு வெறும் பக்கம். தான் செய்த பிழை யாது என்று அப்பிள்ளை அறியாது. முடிவுநாளும் கடந்துபோகும்.

ஆகவே விதிகளை இடும்போது முதலிற் பார்த்துக் குறித்துவைக்கும் நிலையில் மாத்திரம் வைத்து, பதிவேட்டை நாடோறும் வாசித்து, நல்லோர் எவரேனும் அகப்பட்டனரா என ஆராய்ந்து, வேண்டிய மனைக்கு வேண்டிய கட்டத்துக்கு மாத்திரம் விலக்குக் கொடுத்து, அதன் பின்னரே தடுக்கும் நிலைக்கு மாற்றுதல் வேண்டும். பொருளை வாங்குதல் ஒருநாட் கருமம். பதிவேட்டை வாசித்தல் என்றும் உள்ள கருமம். பெரும்பாலும் கைவிடப்படுவது பின்னதே.

நம்பிக்கையின் எல்லை

காவலனை வைத்தவர் கவலையற்று உறங்கலாமோ எனின், ஆகாது. அதற்கு நான்கு நியாயங்கள் காட்டுவாம்.

முதலாவது, வாயில் ஒன்றாயிருத்தல் வேண்டும். மனையின் உண்மை முகவரியை அறிந்தவன் வாயிலுக்கு வராமல் நேரே மனைக்கே செல்லலாம். தீச்சுவர் வைக்குமுன் வழங்கிய முகவரி பழைய பதிவுகளிற் கிடைத்தலும் கூடும். ஆதலால் வாயிலிலிருந்து வருவனவற்றை மாத்திரமே மனைகள் ஏற்குமாறு செய்தல் வேண்டும். இதனோடு ஒட்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. வாயிலூடாக வந்தவை யாவும் வாயிலின் முகவரியிலிருந்தே வந்தனபோல மனைக்குத் தோன்றும். வந்தவரின் உண்மை முகவரியை வாயில் தனித் தலைப்பு வரியில் எழுதி அனுப்புவது இதன்பொருட்டே. அவ்வரியை வருபவனும் முன்னரே பொய்யாக எழுதிவைக்க இயலும். தன் வாயில் எழுதியதை மாத்திரம் நம்பும் மனையே ஏமாறாது.

இரண்டாவது, காவலனிடம் வாயிற் திறவுகோலன்றி வேறு திறவுகோல் இருத்தலாகாது. 2019 இல் அமெரிக்காவின் கப்பிற்றல் வண் வங்கிக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. அங்கே பிழையாக அமைக்கப்பட்ட வலைப்பிரயோகத் தீச்சுவர் ஒன்றே கள்வருக்கு வழியாயிற்று. வெளியிலிருந்து வந்த வேண்டுகை, உள்ளே மாத்திரம் கேட்கத்தக்க முகவரியொன்றைத் தீச்சுவரே கேட்குமாறு செய்தது. அம்முகவரி தற்காலிக நற்சான்றுகளைத் தீச்சுவருக்குக் கொடுத்தது. காவலுக்கு வேண்டாத அதிகாரமும் அந்நற்சான்றுகளுக்கு இருந்தமையால் களஞ்சியத்திலிருந்த கோப்புகள் வெளியாயின. அமெரிக்காவில் ஏறக்குறைய 10 கோடிப் பேரினதும் கனடாவில் ஏறக்குறைய 60 இலட்சம் பேரினதும் விபரங்கள் அகப்பட்டன. 2020 ஓகத்தில் அவ்வங்கிக்கு 8 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. வாயிலோன் இடுப்பிலே களஞ்சியத் திறவுகோலையும் தொங்கவிட்ட குற்றம் அது.

மூன்றாவது, புதிய கட்டளையை ஒரு வாயிலில் முதலில் சோதித்தல் வேண்டும். 2019 யூலை 2 ஆம் நாள் கிளவுட்பிளேயர் நிறுவனம் தன் தீச்சுவருக்குப் புதிய விதியொன்றை உலகெங்கும் ஒரே வேளையில் அனுப்பியது. தடுப்பதற்கன்று, பார்த்துக் குறித்துவைப்பதற்கு மாத்திரமே அனுப்பியது. ஆனால் எழுத்துத்தொடர்களை இனங்காணும் வாய்பாடொன்று அவ்விதியிற் செவ்வையாக அமையவில்லை. பொருந்துமோ பொருந்தாதோ என்று முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப ஒப்பிட்டு, அஃது அந்நிறுவனத்தின் கணினிச் செயலிகளின் ஆற்றல் முழுவதையும் விழுங்கிவிட்டது. ஏறக்குறைய 27 நிமிடம் அந்நிறுவனத்தை வாயிலாகக் கொண்டிருந்த தளங்கள் திறக்கவில்லை; மிகக் கெட்ட வேளையிற் போக்குவரத்து நூற்றுக்கு 82 பங்கு குறைந்தது. மனைகள் நலமாயிருந்தன, வாயில் அடைபட்டது. ஒரே வாயில் என்னும் அமைப்பின் நன்மையோடு அதன் ஆபத்தும் இதனால் விளங்கும். குறித்துவைக்கும் நிலையும் செயலியின் நேரத்தைக் கொள்வதே என்பது இதன் மற்றொரு பாடம்.

நான்காவது, வாயிற்காவல் மனையின் தூய்மைக்கு ஈடாகாது. 2021 டிசெம்பரிலே லொக்4ஜே என்னும் பதிவெழுதும் மென்பொருளில் பெருங்குறையொன்று வெளிப்பட்டது. தீச்சுவர் வழங்குவோர் அதனைத் தடுக்கும் விதிகளை விரைந்து வெளியிட்டனர். தாக்குவோரும் அதே சொல்லைப் பல வடிவில் உருமாற்றி எழுதி அவ்விதிகளைத் தப்ப முயன்றனர். குறையைத் தீர்த்தது மென்பொருளைத் திருத்திய பதிப்புக்கு மாற்றியதே. தீச்சுவர் தந்தது அதுவரை வேண்டிய அவகாசம். அவ்வாறே முற்கூறிய நூலகத்திலும், வந்த சொல்லைக் கட்டளையோடு ஒட்டாமல் வேறாகக் கொடுக்கும் நிகழ்ச்சிநிரலை எழுதினால் நோய் வேரோடு நீங்கும்.

முடிவுரை

இவையனைத்துக்கும் மேலாக ஒன்று சிந்திக்கத்தக்கது. வழிகாட்டும் வாயில் கடிதத்தைப் பிரித்து வாசிக்கின்றது என்றோம். அங்ஙனமாயின் கடவுச்சொல்லும், கட்டண விபரமும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் மறைகுறி நீங்கிய நிலையில் அதன் கண்முன் கடந்துபோகின்றன. வாசியாமல் வழிகாட்ட இயலாது. வாசிப்பவனை நம்பாமல் வாசிக்க விடவும் இயலாது. ஆகவே தீச்சுவரை வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னர், 'எம் கடிதங்களை வாசிப்பவர் யார்? வாசித்ததில் எதனை எத்தனை நாள் வைத்திருப்பார்? அவரிடம் வேறு திறவுகோல் எது உண்டு?' என்னும் மூன்று வினாக்களை ஒப்பமிடுவோர் கேட்டல் கடன்.

மாணவர்க்கும் ஒரு சொல். இத்துறையைக் கற்கப் புகுவோர் தடுப்பதையே திறமையாக எண்ணுவது இயல்பு. எல்லாரையும் தடுப்பது எளிது, பூட்டொன்று போதும். வரவேண்டியவரை வரவிட்டு, போகவேண்டிய இடத்துக்குப் போக்கி, வரத்தகாதவரை மாத்திரம் நிறுத்துதலே அரிது. நம் கல்லூரி வாயிற் காவலாளர் நம்முட் பலரைப் பெயர் சொல்லி அழைத்தவர். அயலாரை அவர் எளிதில் இனங்கண்டதற்குக் காரணம், உரியவரை நன்றாக அறிந்திருந்தமையே. வலைக்காவலுக்கும் இலக்கணம் அதுவே. தன் மனைக்கு உரியவர் எம்மொழியில் எழுதுவர், எக்கருமத்துக்கு வருவர் என்று அறிந்தவனே நல்ல வாயிலோன் ஆவான்.